டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயற்பியல் துறை 1978–81 அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. இவர் டயர் நிறுவனம் ஒன்றின் சேவைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, இந்த வருஷம் நீங்க அரை மணி நேரம் பேசணும். 'வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி'ன்னு ஒரு தலைப்பு வெச்சிருக்கோம்" என்றார். "தம்பி, அந்தத் தலைப்புக்கு நான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது டயர் ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, "டயரா அண்ணே?" என்றார். "டயர்தான் தம்பி" என்றேன்.

இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தேன். என் வேலைக்கு 'கிளெய்ம் பார்ப்பது' என்று பெயர். "டயர் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை, மொட்டையாயிடுச்சு. வேற டயர் குடு" என்று கடையில் சண்டை நடக்கும். கடைக்காரர் எனக்குச் சொல்லி அனுப்புவார். நான் போய், டயரைத் தடவிப் பார்த்து, ஆழத்தை அளந்து, கோளாறு டயரிலா, வண்டியிலா, ஓட்டியவரிடமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நான் போகாத ஊர் குறைவு. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் குறைவு!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பிலேயே கோளாறுள்ள டயர்களும் வந்ததுண்டு. அவற்றுக்கு மாற்று டயர் கொடுத்திருக்கிறோம். ஆனால் 'சீக்கிரம் தேய்ந்துவிட்டது' என்று வந்த டயர்களில் பெரும்பாலானவற்றில் காரணம் வேறு இடத்தில் இருந்தது. கம்பெனிக்காரன் கம்பெனிக்குத்தான் பேசுவான் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்றாகிவிட்டது. இப்போது நானும் காசு கொடுத்துத்தான் டயர் வாங்குகிறேன்.

அஞ்சலட்டை அளவு இடம்

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு நடுத்தரக் கார், உள்ளே ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக் கொள்வோம். நாலு சக்கரத்துக்கும் பிரித்தால் சக்கரத்துக்கு 325 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் 33 பவுண்டு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 325-ஐ 2.3-ஆல் வகுத்துப் பாருங்கள். 140 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு டயர் எந்த நேரத்திலும் ரோட்டைத் தொடும் இடம் அவ்வளவுதான். நாம் அந்தக் காலத்தில் ஹாஸ்டலிலிருந்து "பணம் அனுப்பவும்" என்று வீட்டுக்கு எழுதினோமே, அந்த அஞ்சலட்டையை விடக் கொஞ்சம்தான் பெரிது. நீங்கள், உங்கள் மனைவி, குழந்தைகள், பின் சீட்டில் அம்மா, டிக்கியில் ஊர்கா ஜாடி, இத்தனையும் நாலு அஞ்சலட்டை மேல்தான் போய்க் கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கு. 185/65 ஆர் 15 என்ற அளவு டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும். 40,000 கிலோமீட்டர் ஓடினால் 2 கோடிச் சுற்று. புதுக் கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆக, நமக்குச் செலவழிக்கக் கிடைப்பது 6.4 மில்லிமீட்டர். இதை 2 கோடியால் வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேய்வது ஒரு மில்லிமீட்டரில் 30 லட்சத்தில் ஒரு பங்கு. அணுக்களின் அளவு அது!

நம்முடைய இயற்பியல் பேராசிரியர் உராய்வு பற்றிய பாடத்தில் சொல்வார்: "உராய்வு இல்லேன்னா நடக்க முடியாது. உராய்வு இருந்தா தேயாம இருக்க முடியாது. இது ரெண்டையும் ஒண்ணா ஏத்துக்கணும்." டயர் தேய்வது குற்றமில்லை. அது தேய்ந்துதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கேள்வி என்னவென்றால், 40,000 ஓட வேண்டியது ஏன் 18,000-த்தில் முடிந்து போகிறது? ஒரு சுற்றுக்கு அணு அளவு தேய வேண்டிய இடத்தில், அந்த இரண்டு கோடிச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு அணு அளவு கூடத் தேய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

காற்று

முதல் காரணம் காற்று. நான் பார்த்த டயர்களில் அடிக்கடி கண்ணில் பட்டது இதுதான்.

காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக் கொள்ளும். பாரம் இரண்டு ஓரங்களிலும் விழும். இரண்டு ஓரமும் மொட்டை, நடுவில் மட்டும் பட்டன் இருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். காற்று அதிகமானால் நேர் எதிர். நடுப்பகுதி வயிறு மாதிரி புடைத்துக் கொண்டு அது மட்டும் தேயும். டயரைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் யாரும் ஒத்துக் கொள்ள மாட்டார்கள். "சார், நான் வாரா வாரம் காத்து பிடிக்கிறேன்" என்பார்கள்.

பிடிக்கிறார்கள்தான். எப்போது பிடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்று பார்ப்பார்கள். டயர் சூடாக இருக்கும். கன அளவு மாறாமல் வெப்பநிலை ஏறினால் அழுத்தம் ஏறும் என்று முதல் வருஷமே படித்தோம் இல்லையா? காலையில் 33 இருந்த டயர் 30 டிகிரி சூடேறினால் 37, 38 காட்டும். பங்குப் பையன், "சார், அஞ்சு பவுண்டு அதிகமா இருக்கு" என்று பிடுங்கிவிடுவான். மறுநாள் காலையில் குளிர்ந்த டயரில் 28-தான் இருக்கும். அன்று முதல் இரண்டு ஓரமும் தேய ஆரம்பிக்கும். நாம் செய்தது எல்லாம் அக்கறையோடு செய்ததுதான். ஆனால் நேரம் தப்பு.

ஆகவே காலையில், வண்டி எடுக்கும் முன்போ, இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளோ பாருங்கள். எவ்வளவு வைப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதுதான் கணக்கு. டயரின் பக்கச்சுவரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து 44, 50 என்று அடித்துக் கொண்டு வந்தவர்களும் உண்டு.

பஞ்சர் இல்லாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவுக்குக் காற்று தானாகவே கசியும். "என் வண்டியில காத்து குறைஞ்சா விளக்கு எரியும் அங்கிள்" என்று சின்னப் பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்லதுதான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டயர் வெடித்துப் பல கார்கள் கவிழ்ந்து, 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அங்கே இந்த விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அந்த நாட்டு விதிப்படி, 25 சதவீதம் காற்று குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 வைக்க வேண்டிய இடத்தில் 25 வரும் வரை அது வாயைத் திறக்காமல் இருக்கலாம். 27, 28-ல் வருஷக் கணக்காக ஓட்டுகிறவருக்கு விளக்கு எரியாது, டயர்தான் தேயும்.

கிலோமீட்டருக்கு நாலு மீட்டர்

இரண்டாவது காரணம், சக்கரம் நேராக நிற்காதது. இதைத்தான் 'அலைன்மென்ட்' என்கிறோம்.

முன்னால் நின்று பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் ரோட்டில் ஒரு பெரிய பள்ளத்தில் 'டொம்' என்று இறங்கினோம், நடைபாதை ஓரத்தில் ஏற்றினோம் என்றால், உள்ளே டை-ராடு லேசாக வளையும், அல்லது புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். சக்கரம் ஒரு துளி திரும்பிக் கொள்ளும். இரண்டு சக்கரத்துக்கும் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் தவறு என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும்.

சக்கரத்தின் விட்டத்தை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு ஒன்றரை மில்லிமீட்டர். 1.5-ஐ 400-ஆல் வகுத்து, ஆயிரம் மீட்டரால் பெருக்கினால் 3.75. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் கிட்டத்தட்ட நாலு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 37 கிலோமீட்டருக்கு மேல்! பென்சில் எழுதும் ரப்பரைத் தாளில் அழுத்தி 37 கிலோமீட்டர் தேய்த்துக் கொண்டே போனால் என்ன மிஞ்சும்?

சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டயரின் வெளி ஓரம் தேயும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள் ஓரம் தேயும். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தாலும் உள் ஓரம்தான் தேயும். அதைக் 'கேம்பர்' என்பார்கள். இந்த உள் ஓரத் தேய்மானத்தை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது படவே படாது.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கையே போதும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. பூனையின் முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முடி தடுக்குமே, அந்த மாதிரி ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், அலைன்மென்ட் போய்விட்டது. மெதுவாகத் தடவுங்கள். தேய்ந்த டயரில் கம்பி வெளியே வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும். என் வலது கையில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

அங்கங்கே திட்டுத் திட்டாக, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். அது தளர்ந்தால் சக்கரம் ரோட்டில் உருளாமல் குதித்துக் குதித்துப் போகும். குதித்து விழுகிற இடமெல்லாம் தேயும். பேலன்சிங் சரியில்லை என்றாலும் இதே மாதிரி வரும். இங்கே புது டயர் வாங்கிப் போட்டால் பிரச்சினை தீராது. நோயை வைத்துக் கொண்டு சட்டையை மாற்றிய கதைதான்.

நம் கையும் காலும்

மூன்றாவது காரணத்தைச் சொன்னால்தான் கிளெய்ம் கடையில் சண்டை பெரிதாகும்: ஓட்டுகிற விதம்.

வளைவில் டயரின் மேல் விழும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40-ல் திரும்ப வேண்டிய வளைவில் 60-ல் திரும்பினால் ஒன்றரை மடங்கு என்று நினைப்போம். இல்லை, இரண்டேகால் மடங்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வது, அடுத்த சிக்னலில் சடாரென்று மிதிப்பது, இரண்டுமே ரப்பரைத்தான் சாப்பிடும். வண்டி நின்றபடியே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிப்பதும் அப்படித்தான். அந்த அஞ்சலட்டை இடத்தை ரோட்டில் வைத்து அரைக்கிறோம். பாரமும் அப்படியே. ஐந்து பேர் போகிற வண்டியில் எட்டுப் பேரும் மேலே கேரியரில் சாமானும் ஏற்றினால், டயர் அதற்கு வட்டி போட்டு வசூலிக்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினும் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம், பிரேக் அடிக்கும்போது பாரம் சாய்வதும் முன்னால். நாலு ஆள் வேலையை இரண்டு ஆள் செய்கிற மாதிரி. முன் டயர் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமே இல்லை. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னும் மாற்றிப் போட்டால் நாலும் சமமாகத் தேயும். பலர் இதைச் செலவு என்று தள்ளிப் போட்டு, இரண்டு டயர் விலையைக் கொடுக்கிறார்கள்.

மின்சாரக் கார் வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "பெட்ரோல் செலவு மிச்சம், ஆனா டயர் சீக்கிரம் போகுதுடா" என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். பேட்டரியே பல நூறு கிலோ இருக்கும். மோட்டாரின் முழுத் திருப்புவிசையும் மிதித்த உடனே சக்கரத்துக்கு வந்துவிடும். பாரமும் பாய்ச்சலும் சேர்ந்தால் தேயத்தான் செய்யும். மெதுவாக மிதித்தால் அதிலும் சேமிக்கலாம்.

"50,000 ஓடும்னு சொன்னாங்களே!"

இன்னொரு காரணம் நம் எதிர்பார்ப்பே. பக்கத்து வீட்டுக்காரர் டயர் 50,000 ஓடியது, நம்முடையது 30,000-த்தில் போய்விட்டது என்று ஏமாந்து போகிறோம். அவர் ஓட்டியது நேரான நாலுவழிச் சாலையில். நாம் ஓட்டியது டவுனுக்குள், அல்லது வாரா வாரம் ஏற்காடு, கொடைக்கானல் மலைப் பாதையில். ஒரே டயர், ஒரே கார், ஆனால் ஆயுள் ஒன்றாக இருக்காது.

சில டயர்களில் 'ட்ரெட்வேர் 400' என்று அச்சிட்டிருக்கும். அதை 40,000 கிலோமீட்டர் என்று படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கிலோமீட்டர் கணக்கே இல்லை. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சோதனைப் பாதையில் ஓட்டி, ஒரு மாதிரி டயருக்கு 100 என்று வைத்து, அதோடு ஒப்பிட்டுத் தருகிற மார்க். நம் ஊர் மே மாத வெயிலுக்கும் வேகத்தடைக்கும் அந்த மார்க்கில் இடமில்லை.

தேயாத டயர்தான் நல்ல டயர் என்பதும் சரியில்லை. ரப்பர் மென்மையாக இருந்தால் பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. கெட்டியாக இருந்தால் ஆயுள் அதிகம், ஈர ரோட்டில் பிடிப்பு குறையலாம். இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் ஒவ்வொரு டயரும் செய்யப்படுகிறது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஆரம்ப காலத்தில் ரப்பர் வெளுத்த நிறத்தில்தான் இருந்தது. பிறகு கார்பன் கரியைக் கலந்த பின்தான் டயர் கறுத்தது, தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை வேதியியல்காரர்கள் பாடுபடுவது எல்லாம் இந்தப் பிடிப்புக்கும் ஆயுளுக்கும் இடையே உள்ள பேரத்துக்காகத்தான்.

என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பட்டன் அப்படியே இருக்கும். ஆனால் ரப்பருக்கும் வயதாகும். நமக்கு முழங்கால் இறுகுகிற மாதிரி அதுவும் இறுகும், பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு விழும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வாங்கும்போதும் அதைப் பாருங்கள், வீட்டுக்குப் போய் இப்போதிருப்பதையும் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பெயர்தான் நம் பஞ்சர் கடை வரைக்கும் வந்து நிற்கிறது. ஆனால் டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னிக்குக் காற்று பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது?

இது மாணவர்களுக்கு. ஒரு கார் டயர் தன் ஆயுளில் ஒரு கிலோவுக்கு மேல் ரப்பரை இழக்கிறது. நாலு டயருக்கு நாலைந்து கிலோ. அது எங்கே போகிறது? ரோட்டோரத் தூசியில், காற்றில், மழைத் தண்ணீரோடு வாய்க்காலில். டயர் சீக்கிரம் வெடிக்காமல் இருக்க ரப்பரில் ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்தவுடன் ஓடைகளில் ஒரு வகை சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்கு அதுதான் காரணம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். ஆக, டயரைக் கவனித்து ஓட்டுவது பர்ஸுக்கு மட்டும் நல்லதில்லை.

நம் கல்லூரிப் பேருந்துகள் வெளியே நிற்கின்றன. மாதம் ஒருமுறை ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் ஆழம் அளந்து, காற்றழுத்தத்தையும் எழுதி வைத்தால், ஒரு வருஷத்தில் அருமையான ப்ராஜெக்ட் கிடைக்கும். திருகு அளவி பிடித்த கைக்கு இது கஷ்டமே இல்லை.

அந்தக் காரணம்

நேரமாகிவிட்டது என்று செயலாளர் பார்க்கிறார். சொல்வதாகச் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன்.

2017 ஜனவரியில் இதே வளாகத்தில் சந்தித்தோம். எங்கள் செட் நண்பன் ஒருவன் சென்னையிலிருந்து மனைவியோடு காரில் வந்தான். பெயர் வேண்டாம். அவனைக் கேட்டுக் கொண்டுதான் இதைச் சொல்கிறேன். புளியமரத்தடியில் இடம் குறைவு. முன்னும் பின்னும் ஒடித்து நிறுத்தினான். சக்கரங்கள் திரும்பிய நிலையிலேயே நின்றன. அதனால் சாதாரணமாகக் கண்ணில் படாத உள் ஓரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளிப் பக்கம் பட்டன் புதுசு மாதிரி இருந்தது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட மொட்டை.

அவனே ஆரம்பித்தான். "மாப்ளே, இந்த டயர் போட்டு 18,000-கூட ஓடலைடா. ஸ்டீயரிங் வேற லேசா இழுக்குது. நீ டயர்காரன்தானே, ஒரு பார்வை பாரு."

நான் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும், "சாப்பிட்டுட்டு வந்து பேசலாம்டா" என்றேன். பல வருஷம் கழித்துச் சந்திக்கிறோம், வந்ததும் வராததுமாகக் குறை சொல்வானேன் என்று ஒரு எண்ணம். அதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். பிறகு சாப்பாடு, பாட்டு, அரட்டை. சாயங்காலம் அவன் கிளம்பும்போது கையை ஆட்டி வழியனுப்பினேன். 'நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம்' என்று நினைத்தேன். பண்ணவில்லை.

அந்த வருஷம் நவம்பரில், நல்ல மழையில், உளுந்தூர்பேட்டை தாண்டி அவன் கார் வழுக்கிக் கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதியது. அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவன் மனைவி, எனக்குத் தங்கை முறை, அவருக்குத் தொடை எலும்பு முறிந்து இரண்டு ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வண்டி நின்ற இடத்துக்குப் போய் டயரைப் பார்த்தேன். அதே டயர்கள்தான். பத்து மாதம் கூடுதலாகத் தேய்ந்திருந்தன.

டயர் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் தண்ணீர் நின்றது, வண்டி 80-ல் போயிருக்கிறது. ஆனால் டயரில் பள்ளம் எதற்கு இருக்கிறது? அழகுக்கா? தண்ணீரை அள்ளி வெளியே தள்ளுவதற்கு. பள்ளம் இல்லாத இடத்தில் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறிக் கொள்ளும். அப்புறம் அந்த அஞ்சலட்டை ரோட்டைத் தொடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வெறும் பொம்மைதான். காற்றும் குறைவாக இருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே இது நடக்கும்.

முப்பத்தைந்து வருஷம், முன்பின் தெரியாதவர்கள் டயரையெல்லாம் தடவிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கூடப் படித்தவன் கேட்டும், அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவனிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, "போடா, என் வண்டி, என் டயர். நான்தான் பார்த்திருக்கணும்" என்றான். அவன் பெருந்தன்மை அது. எனக்கு ஆறவில்லை. இன்று இருவரும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். தங்கை கைத்தடியோடு படியேறி வந்ததைக் காலையில் பார்த்தேன். அதற்காகத்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

நான் தெரிந்து கொண்டது இவ்வளவுதான். டயர் சும்மா சீக்கிரம் தேய்வதில்லை. காற்றில், சக்கரத்தில், நம் பழக்கத்தில் ஏதோ தவறு இருப்பதைச் சொல்லிக் கொண்டேதான் தேய்கிறது. எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் என்ன தவறு என்று தெரியும். 'கம்பெனி ஏமாற்றிவிட்டது' என்று புது டயர் வாங்கிப் போட்டால், பணம் போவது மட்டுமில்லை, அந்தத் தவறு வண்டியிலேயே இருக்கும். பார்த்தவர்கள் சொல்லிவிட வேண்டும். நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கக் கூடாது.

என் பையில் ஆழம் பார்க்கும் கேஜ் இரண்டும், காற்று பார்க்கும் கேஜ் ஒன்றும் இருக்கின்றன. இயற்பியல் துறைப் பிள்ளைகள் மூன்று பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த உரை முடிந்ததும் நேராக வெளியே போகிறோம். நிற்கிற எல்லாக் கார்களின் டயரையும் பார்த்து, வைப்பரில் ஒரு சீட்டுச் சொருகி வைப்போம். சாவி வைத்திருப்பவர்கள் வந்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துக் கொடுத்தால் உள் ஓரமும் தெரியும். சீட்டில் குறை எழுதியிருந்தால் யாரும் கோபித்துக் கொள்ளாதீர்கள். ஊருக்குப் போகும் வழியில் சரி செய்துவிட்டுப் போங்கள்.

குரூப் போட்டோவுக்குக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் டயரைப் பார்த்துவிடுவோம், அப்புறம் போட்டோ எடுத்துக் கொள்ளலாம்.